தொட்டி மேலே இருக்கும் நேரம்: டிப்பர் லாரியைப் பணியிடத்தில் இயக்குவதும் பராமரிப்பதும்

பணியிடம் ஒன்றில் ஓடும் மூன்று டிப்பர் லாரிகளின் பொறுப்பு புதிதாகத் தங்களிடம் வந்திருக்கிறது என்றும், ஓட்டுநர்கள் அனுபவசாலிகள்தாம் என்றாலும் வண்டியைப் பாதுகாப்பாக இயக்குவதிலும் பராமரிப்பதிலும் எதை முதலில் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சில ஆண்டுகள் டிப்பர் ஓட்டிவிட்டுப் பிறகு பணிமனைப் பக்கம் வந்தவன். இரண்டு பக்கத்திலும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: டிப்பர் ஓடும்போது ஏற்படும் ஆபத்து எல்லா லாரிக்கும் உள்ளதுதான்; டிப்பருக்கே உரிய ஆபத்து அது ஓரிடத்தில் நின்று தொட்டியை (ஓட்டுநர்கள் பாடி என்று சொல்லும் பகுதியை) உயர்த்தும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில்தான் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சுமையோடு நிற்கும் டிப்பரின் எடைமையம் தரையிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீளமுள்ள தொட்டியை 50 டிகிரிவரை தூக்கி, உள்ளே இருக்கும் மண் இன்னும் சரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், அதே எடைமையம் 4 மீட்டருக்கு அருகே போய்விடும். வண்டி நிற்கும் தரை பக்கவாட்டில் 5 டிகிரி சாய்ந்திருந்தால், எடைமையம் தாழ்ந்த பக்கமாக முதல் நிலையில் சுமார் 17 சென்டிமீட்டரும், இரண்டாம் நிலையில் சுமார் 35 சென்டிமீட்டரும் நகர்கிறது. 5 டிகிரி என்பது இடது, வலது சக்கரங்களுக்கிடையே ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான வேறுபாடு. கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அது உறைக்கவே உறைக்காது. இத்துடன் கணக்கு முடிவதில்லை. தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளும் டயர்களும் கூடுதல் எடையால் அமுங்குகின்றன. அதனால் சாய்வு கூடுகிறது. கூடிய சாய்வு மேலும் எடையை அந்தப் பக்கம் தள்ளுகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு தொட்டியை ஏற்றி இறக்கும் லீவரைக் கீழே தள்ளினாலும் வண்டி நிமிராது. எனவே தொட்டியைத் தூக்கலாமா, கூடாதா என்ற முடிவு லீவரில் கை வைப்பதற்கு முன்பே, தரையில் இறங்கி நின்று எடுக்கப்பட வேண்டிய முடிவு.

தரையைப் பார்ப்பது என்றால் அதன் சமநிலையை மட்டும் பார்ப்பதில்லை. தொட்டி உயர உயரச் சுமை பின்னோக்கி நகர்வதால், அதுவரை எல்லா அச்சுகளும் பங்கிட்டுக்கொண்டிருந்த எடையில் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல் இறங்குகிறது. வண்டி பின்வாங்கி வரும்போது தாங்கிய அதே தரை, கொட்டும்போது தாங்காமல் போவது இதனால்தான். புதிதாக நிரப்பிய மண், மூடப்பட்ட பழைய குழி, அடியில் குழாய் பதித்து ஒப்புக்கு மண் தள்ளிய பள்ளம், கழிவுநீர்த் தொட்டியின் மூடி ஆகியவை மேலிருந்து பார்த்தால் கெட்டித் தரை போலவே தெரியும். ஓட்டுநர் இறங்கி, பின்சக்கரங்கள் நிற்கப்போகும் இடத்தைக் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு ஏறுவதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைத் தருவதற்கு மேற்பார்வையாளருக்கு மனம் இருக்க வேண்டும். பின்னால் நிற்கும் வண்டி ஹாரன் அடிக்கிறது என்பதற்காக அதைக் குறைக்கச் சொல்பவராக அவர் இருந்தால், எந்த விதிமுறைப் பலகையாலும் பயனில்லை.

பள்ளத்தின் விளிம்பில் கொட்ட வேண்டியிருந்தால், பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு தூரம் விளிம்பிலிருந்து தள்ளி நிற்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வழக்கம். மண் தளர்வாகவோ ஈரமாகவோ இருந்தால் அதைவிடவும் தள்ளி நிற்க வேண்டும். விளிம்பை ஒட்டி, வண்டிச் சக்கரத்தின் பாதி உயரத்துக்குக் குறையாமல் மண் வரப்பு அமைப்பார்கள். பல ஓட்டுநர்கள் அந்த வரப்பில் பின்சக்கரம் முட்டும்வரை வந்து நிறுத்துவதை ஒரு திறமையாகவே கருதுகிறார்கள். அந்த வரப்பு விளிம்பு எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காக அமைக்கப்பட்டது. முழுச் சுமையோடு வரும் வண்டியைத் தாங்கி நிறுத்துவதற்காக அன்று. விளிம்புக்கு முன்பாகவே கொட்டிவிட்டு, டோசரைக் கொண்டு தள்ளச் செய்வதே முறை. அதற்கு ஆகும் கூடுதல் டீசல் செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள், பள்ளத்துக்குள் கவிழ்ந்த டிப்பரை கிரேன் வைத்துத் தூக்குவதற்கு ஆகும் செலவையும் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

அடுத்து, சுமையின் தன்மை. மூன்று வண்டிகளிலும் ஒரே அளவு கனமீட்டர் ஏற்றுகிறோம் என்று சொல்வது எடையைப் பற்றி எதையும் சொல்லாது. காய்ந்த மணல் ஒரு கனமீட்டர் சுமார் 1.6 டன், நனைந்த மணல் 1.9 டன்னிலிருந்து 2 டன்வரை வரும். 14 கனமீட்டர் தொட்டியில் இந்த வேறுபாடு 5 டன் அளவுக்கு வந்துவிடும். மழைக்கு மறுநாள் அதே குவியலிலிருந்து அதே விளிம்புவரை ஏற்றினாலும் வண்டி அதிகச் சுமையோடுதான் கிளம்புகிறது என்பதை ஏற்றுபவருக்கும் ஓட்டுநருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தொட்டியைத் தூக்கும் ஜாக்கிக்குத் தொடக்கத்தில்தான் அதிக அழுத்தம் தேவைப்படும். அதிகச் சுமையால் தொட்டி எழும்பாதபோது, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வை இறுக்கி வைத்துத் தூக்க வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வால்வு ஹோசும் சீலும் பம்பும் வெடிக்காமல் காப்பதற்காக இருக்கிறது. அதில் கைவைக்கும் வேலை உற்பத்தியாளர் தந்த அளவைத் தெரிந்த மெக்கானிக்குக்கு மட்டுமே உரியது.

சுமை தொட்டியின் நடுவில், இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பொக்லைன் ஓட்டுபவர் தன் வசதிக்கு ஒரு பக்கமாகக் குவித்தால், வண்டி நகர்வதற்கு முன்பே சொல்லிச் சரிசெய்யச் செய்ய வேண்டும். பாறாங்கற்களை ஏற்றுவதாக இருந்தால், முதல் வாளியில் மண்ணோ சரளையோ பரப்பிய பிறகே கற்களைப் போட வேண்டும். வாளி கேபினுக்கு மேலாகச் சுழலக் கூடாது. கேபினைக் காக்கும் வலுவான முன்மறைப்பு தொட்டியில் இருந்தால் ஓட்டுநர் உள்ளேயே இருக்கலாம். இல்லாவிட்டால் இறங்கி, பொக்லைன் ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்க வேண்டும்.

ஒட்டிக்கொள்ளும் மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பார்த்த இரண்டு கவிழ்தல்களில் இரண்டுமே அதனால் நேர்ந்தவை. ஈரக் களிமண் சரியும்போது ஒரே சீராகச் சரிவதில்லை. இரண்டாவது வண்டியில் நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன்: தொட்டி முக்கால் உயரம் எழுந்ததும் வலது பாதி மண் மொத்தமாகப் பொலபொலவென்று இறங்கிவிட்டது, இடது பாதி சுவரோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. இடப்பக்கப் பின் டயர்களின் பக்கச்சுவர் பிதுங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. ஓட்டுநர் அப்போதாவது இறக்கியிருக்கலாம். ஒட்டிய மண்ணை உதறுவதற்காக அவர் வண்டியை முன்னால் நகர்த்திச் சட்டென்று பிரேக் பிடித்தார். தொட்டி முதலில் சாய்ந்தது, பிறகு சேஸை (வண்டியின் அடிச்சட்டத்தை)த் திருகிக்கொண்டு முழு வண்டியும் சாய்ந்தது. சீட் பெல்ட் போட்டிருந்ததால் அவர் தோள்பட்டை வலியோடு தப்பினார். முன்னும் பின்னும் உதறுவது பரவலான வழக்கம் என்பது எனக்குத் தெரியும். அது கீல்களின் பின்களையும் ஜாக்கியையும் முறிக்கும் வழக்கமும்கூட. ஜாக்கி நேராகத் தள்ளுவதற்கு வடிவமைக்கப்பட்டதே தவிரப் பக்கவாட்டு இழுப்பைத் தாங்குவதற்கு அன்று. மண் ஒட்டினால் தொட்டியை முழுமையாக இறக்கிவிட்டு, நீளக் கம்பியாலோ மண்வெட்டியாலோ தளர்த்திய பிறகு மீண்டும் தூக்க வேண்டும். தூக்கிய தொட்டிக்குள்ளோ அதன் பின்வாயிலோ நின்று யாரும் மண்ணைக் குத்தித் தள்ளக் கூடாது. களிமண் அடிக்கடி ஏற்றும் பணியானால், தொட்டியின் உட்புறத்துக்கு வழுக்கும் பிளாஸ்டிக் தகடு பதிப்பதும், ஒவ்வொரு நாள் மாலையிலும் மூலைகளில் இறுகிய மண்ணைச் சுரண்டி எடுப்பதும் செலவுக்கு ஏற்ற பலன் தரும்.

கொட்டும் வரிசையையும் ஓட்டுநர்கள் எல்லாரும் ஒரே மாதிரியாகச் செய்யுமாறு பழக்கப்படுத்துங்கள். வண்டி நேராக நிற்க வேண்டும். டிரெய்லர் வகை டிப்பரானால் இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். பின்கதவின் கொக்கி விடுபட்டிருக்கிறதா என்று தூக்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். திறக்காத கதவின் மேல் மொத்தச் சுமையும் சாய்ந்தால் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பும். கதவைத் திறக்கும்போது அதன் நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஓட்டுநர் பெல்ட் அணிந்து இருக்கையிலேயே இருந்து, கண்ணாடியில் இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே மெதுவாக உயர்த்த வேண்டும். கவிழத் தொடங்கினால் குதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இறுகப் பற்றி உள்ளேயே இருப்பதுதான் உயிர் பிழைக்கும் வழி, ஏனெனில் குதிப்பவர் விழும் இடத்தில்தான் பெரும்பாலும் வண்டியும் விழுகிறது. உயர்ந்த தொட்டி விழக்கூடிய இரு பக்கங்களிலும் ஆட்களோ வேறு வண்டியோ இருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிப்பர்கள் ஒரே நேரத்தில் கொட்டுவதாக இருந்தால், ஒன்று சாய்ந்தால் மற்றொன்றைத் தொடாத அளவு இடைவெளி விடுங்கள். பலத்த காற்று வீசும்போது நீளத் தொட்டிகளைத் தூக்காமல் பொறுத்திருப்பது நல்லது.

மின்கம்பிகளைப் பற்றி ஓட்டுநர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் காட்டுங்கள். நான் முன்பு சொன்ன 6 மீட்டர் தொட்டியின் முன்முனை, 50 டிகிரி எழும்போது, தரையிலிருந்து 6.5 மீட்டரையும் தாண்டிவிடும். கேபினுக்குள் இருப்பவருக்கு அந்த முனை தெரியாது. அது அவர் தலைக்கு நேர் மேலே, சற்றுப் பின்னால் இருக்கிறது. கம்பிக்குக் கீழே கொட்டுமிடத்தை அமைக்காமல் இருப்பதே முழுமையான தீர்வு. மின்சாரம் பாய்வதற்குத் தொட்டி கம்பியைத் தொட்டாக வேண்டும் என்பதில்லை, உயர் அழுத்தக் கம்பியானால் நெருங்கினாலே போதும். 50 கிலோவோல்ட்வரை உள்ள கம்பிகளுக்குக் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி என்பது பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படும் அளவு. அழுத்தம் கூடினால் இடைவெளியும் கூடும். தொட்டுவிட்டால், தொட்டியை இறக்கியோ வண்டியை நகர்த்தியோ கம்பியிலிருந்து விலக முடிந்தால் விலக வேண்டும். முடியாவிட்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக மின்துறையினர் உறுதிசெய்யும்வரை ஓட்டுநர் கேபினிலேயே இருக்க வேண்டும், வெளியிலிருப்பவர்கள் வண்டியை நெருங்கக் கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதவாறு இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல் ஒன்றையொன்று ஒட்டியபடியே தேய்த்து நகர்ந்து விலக வேண்டும். எட்டு எடுத்து வைத்தால் இரு பாதங்களுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு உடலின் வழியாகப் பாயும். கம்பி அறுந்து ஓய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் மின்சாரம் தானாகவே மீண்டும் வரக்கூடும். மின்சாரம் பாய்ந்த வண்டியின் டயர்களுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கருகல் தொடர்ந்து, பல மணி நேரம் கழித்தும் வெடிக்கலாம் என்பதால், ஒரு நாள் முழுவதும் அதன் அருகே யாரையும் விடக் கூடாது.

கொட்டி முடிந்ததும் தொட்டி முழுமையாக இறங்கி உட்கார்ந்த பிறகே வண்டி நகர வேண்டும். எஞ்சினின் விசையை எடுத்து ஹைட்ராலிக் பம்பை இயக்கும் பி.டி.ஓ. இணைப்பை விடுவித்துவிட்டார்களா என்பதைத் தனியாகக் கவனியுங்கள். அது இணைந்த நிலையிலேயே சாலையில் ஓடினால் பம்பும் ஆயிலும் சூடேறிக் கெடும் என்பது ஒருபுறம். வண்டி ஓடும்போதே தொட்டி மெல்ல எழும்பி, பாலத்திலோ கம்பியிலோ மோதுவது மறுபுறம். தொட்டி இறங்காவிட்டால் ஒலிக்கும் பஸ்ஸரும் விளக்கும் வேலை செய்கின்றனவா என்று தினமும் பாருங்கள். அந்த பஸ்ஸரின் ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தால், அதைச் சிறு குறும்பு என்று விட்டுவிடாதீர்கள்.

பின்வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக: பின்வாங்க வேண்டிய தேவையே எழாதபடி சுற்றுப்பாதை அமைக்க முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாத இடத்தில் சிக்னல் கொடுப்பதற்கு ஒரே ஒருவர்தான் இருக்க வேண்டும், அவர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும், அவர் பார்வையிலிருந்து மறைந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். நான்கு பேர் கூடி நின்று 'வரலாம், வரலாம்' என்று கத்துவது சிக்னலாகாது. சரிவான பணியிடப் பாதையில் இறங்கும்போது, ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் உருட்டிவிடுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

இனி பராமரிப்பு. தூக்கிய தொட்டிக்குக் கீழே வேலை செய்வதுதான் இதில் முதன்மையானது. பெரும்பாலான டிப்பர்களில் ஆயில் அழுத்தம் தொட்டியைத் தூக்க மட்டுமே பயன்படுகிறது. இறங்குவது அதன் சொந்த எடையால். ஆகவே ஒரு ஹோஸ் வெடித்தாலோ ஒரு வால்வு திறந்தாலோ, பல டன் எடையுள்ள காலித் தொட்டி நொடிகளில் சேஸின் மேல் வந்து விழும். எங்கள் பணிமனையில் ஒருமுறை, பிட்டர் தொட்டிக்கும் சேஸுக்கும் இடையே தலையைக் கொடுத்து ஹோஸ் நட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஸ்பேனரை மாற்றிக்கொண்டிருந்தார். கேபினைத் துடைக்க ஏறிய கிளீனரின் முழங்கை லீவரில் பட்டது. தொட்டி உட்கார்ந்த சத்தம் வெளி வாசல்வரை கேட்டது. அந்த வண்டியில் தூக்கிய தொட்டி விழாமல் முட்டுக்கொடுக்கும் தாங்குகம்பி இருந்தது; இரண்டு நிமிட வேலைதானே என்று அதை நிறுத்தவில்லை. அன்றிலிருந்து நாங்கள் வைத்திருக்கும் நடைமுறை இது: தொட்டி காலியாக இருக்க வேண்டும், வண்டி சமதரையில் நின்று சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், உற்பத்தியாளர் பொருத்திய தாங்குகம்பி முழுமையாக நிறுத்தப்பட்டு அதன் மேல் தொட்டி லேசாக அமர்ந்திருக்க வேண்டும், எஞ்சின் அணைக்கப்பட்டுச் சாவி வேலை செய்பவரின் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும், லீவரில் எச்சரிக்கை அட்டை தொங்க வேண்டும். மரக்கட்டையோ சக்கர ஜாக்கியோ தாங்குகம்பிக்கு மாற்றாகாது. சுமை இருக்கும் தொட்டியைத் தாங்குகம்பியின் மேல் நிறுத்துவது அதைவிட மோசம்.

ஹைட்ராலிக் ஆயிலின் அளவைத் தொட்டி இறங்கிய நிலையில்தான் பார்க்க வேண்டும். தூக்கிய நிலையில் பார்த்து ஊற்றினால், ஜாக்கியில் இருக்கும் ஆயில் திரும்பியதும் டேங்க் வழிந்துவிடும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரை பொங்கினால் உறிஞ்சு குழாயின் வழியாகக் காற்று போகிறது. கசிவைத் தேடும்போது கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளையிலிருந்து அழுத்தத்தோடு பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; வெளியே எறும்புக் கடி போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது, ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். ஓர் அட்டைத் துண்டைக் குழாயின் ஓரமாக நகர்த்திப் பார்த்தால் கசிவு அதில் ஈரமாகப் பதியும்.

தொட்டி திரும்பும் பின்புறக் கீல்களுக்கும் ஜாக்கியின் பின்களுக்கும், பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும்வரை கிரீஸ் அடிக்க வேண்டும். தூசி மிகுந்த பணியிடத்தில் தினமும் அடிப்பதே சரி. கீலின் புஷ் (பின்னைச் சுற்றியிருக்கும் உலோக வளையம்) தேய்ந்தால், தொட்டியை ஒரு முழம் தூக்கும்போதே அது பக்கவாட்டில் ஆடுவது தெரியும், முதலில் சொன்ன சாய்வுக் கணக்கில் இந்த ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். சேஸிலும் அதற்கும் தொட்டிக்கும் இடையே உள்ள துணைச் சட்டத்திலும் விரிசல் விட்டிருந்தால், பெயின்ட்டின் மேல் மெல்லிய செந்துரு கோடாக இறங்கியிருக்கும். சக்கர நட்டுகளைச் சுற்றியும் அதேபோன்ற துருக்கோடு தெரிந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். இரட்டை டயர்களுக்கு நடுவே சிக்கிய கல்லைப் பணியிடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சாலையில் வேகம் எடுத்ததும் அது பின்னால் வருபவரின் கண்ணாடியை நோக்கித்தான் பறக்கும். டயரைத் தனி இரும்பு வளையத்தால் பூட்டிப் பிடிக்கும் லாக் ரிங் வகைச் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் டயரின் காற்றை முழுமையாக இறக்க வேண்டும். காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீள ஹோசைப் பயன்படுத்தி, எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

ஏர் பிரேக் உள்ள வண்டியானால், காலையில் ஏர் டேங்குகளின் தண்ணீரை வடித்துவிட்டு, காற்றழுத்தம் முழுமையாக ஏறியதும் எஞ்சினை அணைத்து, பிரேக் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடர்ந்து இறங்கினால் எங்கோ கசிகிறது. அந்த வண்டி அன்று கிளம்பக் கூடாது. பின்சக்கரங்களின் ஸ்பிரிங் பிரேக் சேம்பரை (சுருள்வில்லின் விசையால் பிரேக் பிடிக்கும் உருளையை) அனுபவமில்லாதவர் பிரிக்க முயலவே கூடாது. உள்ளே இறுக்கி வைக்கப்பட்டிருக்கும் சுருள்வில்லின் விசை ஆளைக் கொல்லப் போதுமானது.

மூன்று வண்டிகளையும் ஒரே நாளில் சீராக்கிவிட முடியாது என்பதால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். நாளைக் காலையில் மூன்று வண்டிகளையும் காலித் தொட்டியோடு சமதரையில் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்லிப் பின்னால் பாதுகாப்பான தூரத்தில் நின்று பாருங்கள். தொட்டி நேராக எழுகிறதா, பாதியில் எஞ்சினை அணைத்தால் அப்படியே நிற்கிறதா அல்லது தானாக மெல்ல இறங்குகிறதா, பஸ்ஸர் ஒலிக்கிறதா, தாங்குகம்பி இருக்கிறதா, இருந்தால் துருப்பிடித்து இறுகாமல் நிமிர்கிறதா என்பவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தாங்குகம்பி நிமிராத வண்டியை முதலில் பணிமனைக்கு அனுப்புங்கள்.